நீண்ட விசில்

பின்னால் எடுக்கும்போது
ஓட்டுநருக்குக் கண் கிடையாது.
விசில்தான்.
குட்டை குட்டையாய் வந்தால் வரலாம்.
ஒரே இழுப்பாய் நீண்டால் நின்றுவிட வேண்டும்,
ஏனென்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.
ஏற்காடு மலையில் இருபது வளைவுக்கும் இதுதான் சட்டம்.

மார்கழி, மாலை நாலரை,
பதினேழாம் வளைவு.
குழாய் ஏற்றிய லாரி ஒன்று கீழிருந்து
மூக்கை நுழைத்துவிட்டுத் திணறியது.
ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும்.
சில்வர் ஓக் மரங்களைப் பனி
இடுப்புவரை தின்றிருந்தது.
அங்கமுத்து இறங்கிப் பின்னால் போனார்.
குட்டை, குட்டை, குட்டை.
பிறகு நீளம்.

கேட்டது.
ஆனால் இருபத்திரண்டு வருஷமாய்
இந்த மலையை ஸ்டியரிங்கில் உருட்டியவன் நான்.
இன்னும் ஒரு முழம் இருக்கிறதென்று
எனக்குத் தெரியும்.

அந்த ஒரு முழம் அங்கே இல்லை.

தடுப்புச் சுவரின் மூன்று கற்கள்
காப்பிச் செடிகளுக்குள் உருண்டுபோன சத்தம்
வெகுநேரம் ஓயவில்லை.
ஆட்களுக்கு ஒன்றுமில்லை.
கடைசி சீட்டில் ஒரு கைக்குழந்தை
ஏதோ விளையாட்டென்று சிரித்தது.

டிப்போவில் எழுதிக் கொடுத்தேன்:
நடத்துநர் விசில் கொடுக்கவில்லை.
கீழே கையெழுத்து, ச. ஞானாதிக்கம்.
பெயரிலேயே ஆதிக்கம் வைத்திருக்கிறவன்.
அங்கமுத்துவுக்கு சஸ்பென்ஷன்.
கோரிமேட்டில் வாடகை வீடு,
பெரியவள் பாலிடெக்னிக்.

அதிலிருந்து ஞாயிறு பூசையில்
எல்லாரும் கைவிரித்துச் சொல்லும் செபத்தில்
'திருவுளம்' வருகிற இடத்தில்
எனக்கு இருமல் வந்துவிடும்.
ரெஜினா கைப்பையைத் துழாவி
மிட்டாய் எடுத்து நீட்டுவாள்.
எட்டு ஞாயிறு, எட்டு மிட்டாய்.

பேரம் பேசிப் பார்த்தேன்.
வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறேன் என்றேன்.
பெயர் சொல்லாமல் அந்தப் பெண்ணுக்கு
பீஸ் கட்டுகிறேன் என்றேன்.
அவர் கேட்டது ஒரு வெள்ளைத்தாள்.

ஆண்டவர் நமக்கு முன்னால் நடக்கிறார் என்று
சாமியார் பிரசங்கத்தில் சொல்வார்.
இருக்கலாம்.
எனக்கு அவர் முதுகுக்குப் பின்னால், பனிக்குள்,
நான் பார்க்க முடியாத விளிம்பில் நின்று
ஒரே இழுப்பாய் ஊதிக்கொண்டிருந்தார்,
எட்டு வாரமாய்,
மூச்சு வாங்காமல்.

ஒன்பதாம் திங்கள் தாளை நீட்டினேன்.
கிளை மேலாளர் இரண்டு முறை படித்தார்.
"ஃபைல் முடியப்போகுது, ஞானாதிக்கம்.
இதை நான் பார்க்கலைன்னு வெச்சுக்கட்டுமா?"
நல்ல மனுஷர். தப்பிக்க ஒரு சந்து காட்டினார்.
சந்து அகலமாகத்தான் இருந்தது,
ஒரு பஸ்ஸே போகலாம்.
"பாருங்க சார்" என்றேன்.
குரல் என்னுடையது மாதிரி இல்லை.

இரண்டு இங்க்ரிமென்ட் வெட்டு.
மூன்று மாதம் யார்டில் டயர் எண்ணினேன்.
நிம்மதி வருமென்று சொன்னார்கள்.
முதலில் வந்தது வட்டிக்காரர்.

பழைய பஸ் நிலைய டீக்கடையில்
அங்கமுத்து முன்னால் போய் நின்றேன்.
இப்போது அவருக்குச் சங்ககிரி வண்டி.
டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.
"விசில் அடிச்சேன்ல?"
"அடிச்சீங்க."
கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார்.
மன்னிப்பென்று அதை எழுத முடியாது.

சித்திரையில் மறுபடி மலை.
புது நடத்துநர், மீசைகூட அரும்பாத பையன்.
பன்னிரண்டாம் வளைவு, கோடை மழை,
கண்ணாடியெல்லாம் வெள்ளை.
குட்டை, குட்டை,
நீளம்.

கால் பிரேக்கில் இருந்தது,
நான் வைத்த ஞாபகமில்லை.
அப்புறம் இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
பின் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே
தாராளமாய் ஒரு முழம்.

பையன் பயந்து முகத்தைப் பார்த்தான்.
"சரியாத்தான் அடிச்சே" என்றேன்.
வழியெல்லாம் எனக்கு இருமல் இல்லை.